பழைய மடத்தில் மைக் இல்லாக் கச்சேரி

மடமாக இருந்த கட்டடத்தில் கச்சேரித் தொடர் வைக்கப் போகிறவர்கள் முதலில் காலிக் கூடத்தின் நடுவில் நின்று கை தட்டிப் பார்க்கவும். 15 மீட்டர் நீளம், 8 அகலம், 6 உயரம், சுண்ணாம்புச் சுவர், கல் தரை என்றால் முழக்கம் அடங்கக் கணக்குப்படி 7 நொடி ஆகும். கனமீட்டரில் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் (இந்தக் காலிக் கூடத்தில் சுமார் 16.5 சதுர மீட்டர்) வகுத்தால் இந்த எண் வரும்.

ஐரோப்பிய மடங்களில் நிதானமாகப் பாடும் ஜபப் பாட்டுக்கு இது அழகு. நம் கர்நாடகக் கச்சேரிக்கு ஆகாது. மேல்காலத்தில் மிருதங்கம் நொடிக்கு எட்டுச் சொல் வாசித்தால், முதல் சொல் அடங்குவதற்குள் அடுத்த ஐம்பது வந்துவிடும். தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் கூழாகிவிடும்.

மருந்து கூட்டம்தான். 100 பேர் உட்கார்ந்தால் சுமார் 45 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு. தலா இரண்டு சதுர மீட்டரில் ஆறு ஜன்னல் திறந்தால் இன்னும் 12. முழக்கம் 1.6 நொடிக்கு இறங்கும். மதியம் காலிக் கூடத்தில் ஒத்திகை பார்த்துப் பயந்து மைக் வைப்பதுதான் வழக்கமான தப்பு. மைக் வைத்தால் சுவருக்குப் போகும் சத்தமும் கூடும்.

பாடகருக்குப் பின்னால் ஒரு மீட்டரில் வெறும் சுவர் இருக்கட்டும். அதில் பட்டு வருவது குரலோடு சேர்ந்தே வரும். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புவதுதான் தனியாகக் கேட்கும்: 30 மீட்டர் போய்வர 88 மில்லிநொடி. திரையை அங்கே, கொசுவம் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டவும். தரையில் விரிக்கும் ஜமுக்காளம் கீச்சுச் சத்தத்தை மட்டும் குடிக்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் அப்படியே நிற்கும்.

வளைந்த சுவர் சத்தத்தை ஓரிடத்தில் குவிக்கும். சென்னையில் வட்டச் சுவர் கொண்ட ஐஸ் ஹவுஸைப் பாருங்கள்: 1842இல் பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டியது, 1897இல் தொடங்கிய சென்னை ராமகிருஷ்ண மடம் ஆரம்ப வருஷங்களில் இயங்கியது அங்கேதான். அப்படி வட்டமான அறை கிடைத்தால், கை தட்டிக்கொண்டே நடந்து, குவியும் இடம் கண்டுபிடித்து அங்கே நாற்காலி போடாதீர்கள்.

மார்கழியில் கடற்காற்றும் மழையும் தோலைத் தளர்த்தும், மிருதங்கத்தின் சுருதி இறங்கும். ஏசி காரிலிருந்து நேரே மேடைக்கு வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பே கூடத்தில் வைக்கவும். மின்விசிறி நேரே அடித்தால் தொப்பியில் ஒட்டிய ரவை காய்ந்து உதிரும்.

வீணைக்கு, என் கணிப்பில், ஐந்தாறு வரிசைக்கு மேல் மைக் இல்லாமல் தாங்காது. தெருப் பக்க ஜன்னலைத் திறந்தால் ஆட்டோ ஹார்ன் சேர்ந்து பாடும்; முற்றத்துப் பக்கத்தை மட்டும் திறந்து, குறையும் பரப்புக்கு இன்னொரு திரை கட்டுங்கள்.