அழித்த ஃபைல் எங்கே போகிறது?

கோயம்புத்தூரில் மூன்று வருடம் விண்டோஸ் சர்வர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புது வேலையில் சேர்ந்த அன்று என்னிடம் கொடுத்தது நான்கு லினக்ஸ் சர்வர்களும், அவற்றின் ஐபி முகவரிகளை எழுதிய ஒரு தாளும். எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்த அண்ணன் இரண்டு வாரம் கூட இருந்து காட்டிக்கொடுத்தார். "சந்தேகம் வந்தா எந்நேரமும் கூப்பிடு தம்பி" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்.

நான் ஒரு நோட்டு வாங்கி, தினமும் பத்து கமாண்ட் எழுதி மனப்பாடம் செய்தேன்.

இரண்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பில்லிங் நின்றுவிட்டது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கமாண்டை அடித்துப் பார்த்தால், லாக் ஃபைல்கள் சேரும் /வார் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பகுதி) 100 சதவீதம். மொத்தமே 40 ஜிபி. அதில் பில்லிங் அப்ளிகேஷன் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் லாக் ஃபைல் ஒன்று மட்டும் 31 ஜிபி. நோட்டில் இருந்த, ஃபைலை அழிக்கும் ஆர்எம் கமாண்டைக் கொடுத்தேன். அழிந்தது. மறுபடி டிஎஃப். அதே 100. ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கமாண்டைப் போட்டால் 9 ஜிபிதான் என்கிறது. ஒரே டிஸ்க்குக்கு இரண்டு கணக்கு! பயந்துபோய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நீ அழிச்சது பேரைத்தான் தம்பி. ஃபைல் அங்கேயேதான் இருக்கு. யார் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பாரு."

எந்த ப்ரோகிராம் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் கமாண்ட் அது. போட்டேன். பில்லிங் ப்ரோகிராமின் வரியில், அதே லாக் ஃபைலின் பெயர், கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'டெலீட்டட்'. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் டிஎஃப் 23 சதவீதத்துக்கு இறங்கியது.

விண்டோஸில் ஒரு ப்ரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழிக்கப் போனால் பெரும்பாலும் விடாது. லினக்ஸில் பெயர் வேறு, ஃபைல் வேறு. ஃபோல்டரில் இருப்பது பெயரும், உண்மையான ஃபைலைச் சுட்டும் ஒரு ஐநோட் எண்ணும் மட்டுமே. ஆர்எம் அந்தப் பெயரை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். ரேஷன் கார்டில் பெயரை நீக்கிவிட்டால் ஆள் வீட்டில் இல்லாமல் போய்விடுவாரா? ஒரே ஃபைலுக்குப் பல பெயர்கள் இருக்கலாம். கடைசிப் பெயரும் போய், திறந்து வைத்திருக்கும் கடைசி ப்ரோகிராமும் அதை மூடினால்தான் இடம் காலியாகும். டியூ பெயர்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டுகிறது. டிஎஃப், டிஸ்க்கின் இடத்தை நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டத்திடமே கேட்கிறது. கணக்கு இரண்டானது அதனால்தான்.

அன்று இரவே மனப்பாடத்தை விட்டுவிட்டேன். முதலில் கமாண்டுகளைக் கற்றுக்கொள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கமாண்ட் மறந்தால், லினக்ஸிலேயே இருக்கும் கையேடான 'மேன்' பக்கங்களில் பார்த்துக்கொள்ளலாம். (ஒன்று மட்டும்: அந்தப் பக்கங்களுக்குப் பிரிவு எண் உண்டு. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட வைக்கும் கிரான்டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேன் கிரான்டேப் என்றால் கமாண்டைப் பற்றி வரும். மேன் 5 கிரான்டேப் என்றால்தான் நேரத்தை எப்படி எழுதுவது என்று வரும். இது தெரியாமல் ஒரு நாள் முழுக்க அலைந்தேன்.) அடியில் என்ன நடக்கிறது என்பது புரியாவிட்டால், சரியான கமாண்டும் கைகொடுக்காது.

அந்த பில்லிங் அப்ளிகேஷனுக்கு, பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வைக்கும் (அதாவது ரொட்டேட் செய்யும்) லாக்ரொட்டேட் அமைப்பே இல்லை என்பது திங்கட்கிழமை தெரிந்தது. ரொட்டேட் ஆனதும் லாக் ஃபைலைப் புதிதாகத் திறக்கச் சொன்னால் அந்த அப்ளிகேஷன் கேட்காது. எனவே லாக்கைக் காப்பி எடுத்துவிட்டு அதே ஃபைலைக் காலி செய்யும் காப்பிட்ரங்கேட் என்ற அமைப்பைப் போட்டேன். காப்பி எடுப்பதற்கும் காலி செய்வதற்கும் நடுவில் சில வரிகள் தொலையலாம் என்று மேன் பக்கமே எச்சரிக்கிறது. அதை மேனேஜரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் வைத்தேன். காப்பிக்கும் இடம் வேண்டுமே, அதனால் 500 எம்பி வந்ததும் ரொட்டேட் ஆகும்படி அமைத்தேன்.

அடுத்த ஞாயிறு, வீட்டு லேப்டாப்பில், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் ஒரு லினக்ஸை ஏற்றினேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும் யெஸ் கமாண்டை வைத்து 1 ஜிபி ஃபைல் ஒன்று உண்டாக்கி, ஒரு டெர்மினலில் (கமாண்ட் அடிக்கும் ஜன்னல்), ஃபைலின் கடைசி வரிகளைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும் டெயில் -எஃப் கொடுத்துத் திறந்து வைத்தேன். இன்னொரு டெர்மினலில் அதை அழித்தேன். டிஎஃப் அசையவில்லை. டெயிலை நிறுத்தினேன். அந்த நொடியே 1 ஜிபி திரும்பி வந்தது. அன்று மட்டும் நான்கு முறை செய்து பார்த்தேன்.