உயிலின் எண் தாய்ப்பத்திரத்தில் இருந்தது

என் அப்பாவின் தாத்தா ராயபுரத்தில் கயிறும் பாய்த்துணியும் விற்றவர். பழைய வண்ணாரப்பேட்டையில் தான் வாங்கிய வீட்டில் மகள்களுக்கும் பங்கு வைத்து உயில் எழுதினார் என்று அத்தை அடிக்கடி சொல்வார். காலம் 1920-களின் கடைசி. அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் பங்கு எழுதிய மனிதர் என்ன சொற்களில் எழுதினார் என்று படித்தே தீர வேண்டும் என்று எனக்கு ஆசை. வம்சாவளி தேடும் இணையதளங்களுக்குச் சந்தா கட்டினேன்.

அங்கே மெட்ராஸ் உயில்கள் நிறைய உண்டு. ஆனால் பெரும்பகுதி, லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் வைத்திருக்கும் இந்திய அலுவலக ஆவணங்களின் படங்கள். படைவீரர்கள், கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள், ஐரோப்பிய வணிகர்கள் இங்கே இறந்தால் சொத்துக் கணக்கும் உயில் நகலும் லண்டனுக்குப் போயின. கயிற்றுக்கடைக்காரரின் உயிலை அங்கே அனுப்ப எவருக்கும் தேவை இருக்கவில்லை.

பெரம்பூரில் ரயில்வே குடும்பத்துத் தோழி ஒருத்தி இருக்கிறாள், ஆங்கிலோ-இந்தியர். அவளுடைய கொள்ளுத்தாத்தாவுக்கு இங்கிலாந்து வங்கியில் பணம் இருந்ததால் அங்கத்திய புரோபேட் பட்டியலில் பெயர் வந்திருக்க வேண்டும். புரோபேட் என்பது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று. 1858-இலிருந்து ஆண்டுவாரியாக உள்ள பட்டியல் அது. அவர் இறந்த ஆண்டில் தேடித்தேடி அவள் அலுத்துப்போனாள். அந்தப் பட்டியலில் ஆண்டு என்பது புரோபேட் வழங்கிய ஆண்டு. அடுத்தடுத்த ஆண்டுகளைப் புரட்டியபோது பெயர் கிடைத்தது.

என் தேடலில் பெயரே பெரிய சங்கடம். தளம் குடும்பப்பெயரைக் கேட்கிறது. நம்மிடம் இருப்பதோ தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. முனுசாமி என்ற எளிய பெயரை அன்றைய குமாஸ்தா இரட்டை ஓ போட்டு, நடுவில் ஈ சேர்த்து, சாமியை ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று முடித்திருப்பார். அதைக் கணினிக்குப் படித்துக் கொடுத்தவர் எங்கோ இருக்கும் ஓர் அயலூர்க்காரர். பெயரின் நடுவே நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் கடைசியில் நாயக்கர், முதலி, செட்டி என்று ஒட்டியிருப்பதைத்தான் பல அட்டவணைகள் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, தேடும் உயில் நீதிமன்றத்துக்கு வந்திருக்குமா என்பது. மெட்ராஸ் நகர எல்லைக்குள் இந்துக்கள் எழுதிய உயில்களுக்குப் புரோபேட் சட்டம் பொருந்தத் தொடங்கியது 1870 செப்டம்பர் 1 முதல்தான். அதற்கு முந்தைய உயிலைத் தேடுகிறவர்கள் நீதிமன்றத்தில் இருந்தே ஆகும் என்று நம்பி நாட்களை வீணாக்க வேண்டாம். எல்லையும் முக்கியம். தண்டையார்பேட்டை உயர் நீதிமன்றத்தின் நேரடி எல்லைக்குள் வரும். அங்கிருந்து வடக்கே போனால் வரும் திருவொற்றியூர் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அங்கே வசித்து, அங்கேயே உயில் எழுதி, நகரத்தில் நிலமோ வீடோ இல்லாதவரின் குடும்பம் புரோபேட் வாங்க வேண்டிய கட்டாயமே அன்று இல்லை. நம் வடசென்னைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படி இருபுறமும் உறவும் சொத்தும் உண்டு. முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உயில் அதில் வராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வீடு, நிலம் பற்றிய பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்திலும் உயில்கள் 3-ஆம் புத்தகத்திலும் பதிவாகின்றன. சான்று எடுப்பது முதல் புத்தகத்திலிருந்து. உயிலை எழுதியவர் இறந்துவிட்டிருந்தால் 3-ஆம் புத்தகத்தின் நகலை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். எங்கள் கொள்ளுத்தாத்தா பதிவு செய்யவில்லை. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

எனக்கு வழி காட்டியது வீடுதான். பின்னாளில் அதை விற்றபோது எழுதிய கிரயப் பத்திரத்துக்கு நகல் வாங்கினேன். விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று விவரிக்கும் பத்தியில், வக்கீல் குமாஸ்தாவின் நீண்ட ஒற்றை வாக்கியத்துக்கு நடுவே, உயிலின் தேதியும் சென்னை உயர் நீதிமன்றத்து ஓ.பி. எண்ணும், அதாவது புரோபேட் கேட்டுப் போட்ட மனுவின் எண்ணும், ஆண்டும் அப்படியே இருந்தன. புரோபேட் யாருக்கு வழங்கப்பட்டது என்றும் இருந்தது: மூத்த மகளுக்கு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை மூன்று மகன்கள் இருக்க அவரிடம் கொடுத்திருக்கிறார் என் கொள்ளுத்தாத்தா. மனுதாரர் அந்தப் பெண்மணி. ஒரு தளத்திலும் நான் அவர் பெயரைப் போட்டுத் தேடியதில்லை, யாரும் தேடச் சொன்னதுமில்லை.

பழைய வீடு கைமாறியிருந்தாலும் தாய்ப்பத்திரம், அதாவது இப்படிப்பட்ட பழைய கிரயப் பத்திரம், இன்றைய உரிமையாளரிடம் இருக்கும். அவர் கொடுக்கத் தயங்கினால் 1-ஆம் புத்தகத்திலிருந்து நகல் கேளுங்கள். தாத்தா காலமான பின் கடையையும் கணக்கையும் யார் பார்த்துக்கொண்டார் என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள்; மனு அவர் பெயரில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓ.பி. எண்ணைக் குறிப்பிட்டு உயிலின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். வந்ததும் முதலில் அத்தைக்குப் படித்துக் காட்டுவேன். மகள்களின் பங்கு பற்றிய பகுதியை, அத்தை சம்மதித்தால், அப்படியே எழுதுகிறேன்.