பெரியம்மா கேட்ட கேள்வி

போன மாசியில் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் ஏற்றத் தொடங்கினார்கள். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலத்தால் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது என் வேலை. சத்தி நிற்காது என்று ஊரில் யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் மடியில் ஒரு சொப்பிங் பேக்கை விரித்து வைத்துக்கொண்டே வருவா. ஆனால் சத்தியை நிறுத்தும் ஒன்டன்செட்ரோன் குளிசை கொடுத்ததில் சத்தி வரவேயில்லை. இரவு பாலாணத்தோடு நாலு வாய் சோறும் சாப்பிட்டா.

ஐந்தாம் நாள் விடிய போன் எடுத்தா. "மனே, நாலு நாளா வெளிக்குப் போகல்ல. வருத்தம் குடலுக்கும் இறங்கிற்றா?"

நான் பன்னிரண்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்பவன். அந்தக் குளிசை மலத்தை இறுக்கும் என்று முதலே ஒரு சொல் சொல்லியிருந்தால் அவ நாலு நாள் பயந்திருக்க மாட்டா. அது இன்னும் மனதை அறுக்கிறது.

அந்தக் குளிசை மறிப்பது செரட்டோனின் என்ற உடம்பு இரசாயனத்தின் வேலையை. செரட்டோனின் என்றதும் எல்லோரும் மூளையைத்தான் நினைக்கிறார்கள். உடம்பில் உள்ளதில் 90 வீதத்துக்கு மேல் இருப்பது குடலில். 1930களில் இத்தாலியரான எர்ஸ்பாமர் அதை முதலில் கண்டதும் குடலில்தான். அப்போது அவர் வைத்த பெயர் என்டரமின். சாப்பாடு குடல் சுவரை அழுத்தும்போது அங்குள்ள சில கலங்கள் இதைச் சுரக்கும். பக்கத்து நரம்புகளின் ஏற்பிகளில் அது போய் ஒட்ட, குடல் அசைந்து சாப்பாட்டைத் தள்ளும். சிஸ்பிளாட்டின் அந்தக் கலங்களைத் தாக்கினால் செரட்டோனின் ஒரேயடியாகக் கொட்டும். வேகஸ் நரம்பில் உள்ள மூன்றாம் வகை ஏற்பிகள் அதை மூளைக்குச் சொல்ல, சத்தி வரும். ஒன்டன்செட்ரோன் அந்த ஏற்பிகளை மறித்து உட்கார்ந்துகொள்கிறது. அதே ஏற்பிகள் குடலை அசைக்கும் நரம்புகளிலும் இருக்கின்றன. அதுதான் பெரியம்மாவின் நாலு நாள்.

மனச்சோர்வுக்கு புளுவொக்சடீன் வாங்கிய ஒரு தம்பி மூன்றாம் நாள் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார், குமட்டுகிறதாம். அதுவும் பெரும்பாலும் இந்தச் செரட்டோனின் கூடுவதால் வருவதுதான். இரண்டு கிழமையில் அனேகமாக அடங்கிவிடும், தானாக நிறுத்தாமல் டொக்டரிடம் கேளுங்கள் என்று அவருக்காவது சொன்னேன்.

பெரியம்மாவுக்கு டொக்டர் மலத்தை இளக்கும் லக்டுலோஸ் பாணி எழுதினார். "அப்ப அந்தக் குளிசைய விடட்டா?" என்று கேட்டா. விட வேண்டாம், இரண்டையும் எடுங்கள் என்றேன். இப்போது வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் குளிசை உறையும் பாணிப் போத்தலும் ஒன்றாகவே இருக்கின்றன.