வேலூர் வெயிலில் ஒரு ஹீட்டர்

காட்பாடிப் பக்கம் ஒரு டிரான்ஸ்மிஷன் ரூமில் எனக்கு வேலை. புதிதாகச் சேர்ந்த பையன், ஃபைபரில் சேர்ந்து வரும் சேனல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் டிமக்ஸ் கார்டின் விவரத்தைப் படித்துவிட்டு, "என்ன சார், இந்த ஊர்ல போய் ஹீட்டரா?" என்றான். அக்னி நட்சத்திரம் நடக்கும்போது வேலூரில் இப்படிக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரே ஃபைபரில் பல சேனல்கள், ஒவ்வொன்றும் ஓர் அலைநீளத்தில். 1550 நானோமீட்டரை ஒட்டி, 100 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கினால் பக்கத்துச் சேனல் 0.8 நானோமீட்டர் தள்ளி இருக்கும். 50 என்றால் வெறும் 0.4. ரிசீவர் கோடியில் இருக்கும் இண்டியம் காலியம் ஆர்சனைடு போட்டோடையோடுக்கோ நிறபேதமே தெரியாது. 1310 வந்தாலும் சரி, 1550 வந்தாலும் சரி, வெளிச்சம் விழுந்தால் மின்னோட்டம் தரும், அவ்வளவுதான். ஆக, ஆள் பார்த்துப் பிரித்து அனுப்புகிற பொறுப்பு முழுக்க அதற்கு முன்னால் நிற்கும் டிமக்ஸின் தலையில்.

எங்களிடம் இருப்பது சிலிக்கா சில்லில் செய்த ஏடபிள்யூஜி (அரேய்டு வேவ்கைட் கிரேட்டிங்) ரக டிமக்ஸ். நீளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வித்தியாசப்படும் ஒளிப்பாதைகள் வழியே போய்ச் சேரும்போது, ஒவ்வொரு அலைநீளமும் ஒவ்வொரு வாசலில் குவியும். சூடு ஏறினால் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் மாறும். குவியும் இடமும் நகரும். டிகிரிக்குச் சுமார் 0.01 நானோமீட்டர். அற்பமாகத் தெரிகிறதா? ஏசி படுத்து, ரூம் 20 டிகிரி ஏறினால் 0.2. ஐம்பது கிகாஹெர்ட்ஸ் அமைப்பில் அது சரியாக இரண்டு சேனல்களுக்கு நட்ட நடுவே! நம் சிக்னல் மெலியும், பக்கத்து வீட்டுச் சத்தம் உள்ளே வரும்.

சில்லின் சூடு ஏறி இறங்காமல் ஒரே அளவில் நிற்கத்தான் அந்த ஹீட்டர். ஹீட்டரால் சூடேற்றத்தான் முடியும், குளிர வைக்க முடியாது. அதனால் சில்லை எப்போதும் 70, 80 டிகிரியில் வைத்துவிடுவார்கள். வேலூர் வெயில் எவ்வளவு குதித்தாலும் அந்த உயரத்தை எட்டாதே. ஹீட்டரே தேவைப்படாத ரகமும் வந்துவிட்டது. பையனிடம் அதையும் சொன்னேன்.

"கோஹிரண்ட் ரிசீவர் வந்தாச்சே சார், இதெல்லாம் எதுக்கு?" என்றான். அதில் ரிசீவரே ஒரு லேசர் வைத்துக்கொள்ளும்; வந்த ஒளியோடு அதைக் கலந்து, எந்த அலைநீளத்துக்கு லேசரைத் திருப்புகிறோமோ அந்தச் சேனலை மட்டும் எடுக்கும். ஃபைபரில் சிதறிய துடிப்புகளைக்கூடக் கணக்குப் போட்டே சரிசெய்துவிடும். கெட்டிக்கார டிசைன், மறுக்கவில்லை. ஆனால் அந்த லேசர் சிலிக்காவைவிடப் பெரிய சூடு தாங்காத ஜாதி. ஒரே அலைநீளத்தில் ஒளி தரும் சாதாரண டிஎஃப்பி ரக லேசரே டிகிரிக்கு 0.1 நானோமீட்டர் நகரும், பத்து மடங்கு. அதனால் அதன் அடியில் ஒரு குட்டிக் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரூட்டி இழுத்த சூட்டையும் ரூம் ஏசிதான் வெளியே தள்ள வேண்டும். ஏசி சர்வீஸை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.