ஐம்பது மீட்டர் நாடாவின் கீழே ஒரு கடல்

மொரிசியஸ் தீவின் தென்கிழக்குக் கரையில், மாயேபூர் நகரத்துக்குத் தெற்கே, ப்ளூ பே கடற்பூங்கா இருக்கிறது. மொத்தப் பரப்பு 353 ஹெக்டேர். 1997-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2000-இல் மீன்வளச் சட்டத்தின் கீழ் கடற்பூங்காவாகி, 2008 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. அந்தப் பட்டியலுக்காக எழுதப்பட்ட குறிப்பில் 38 பவள இனங்களும் 72 மீன் இனங்களும் பதிவாகியுள்ளன. கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் ஒரு மணி நேரம் சுற்றிவரும் பயணிகளுக்கு இந்த எண்கள் மனத்தில் நிற்பதில்லை. ஆனால் யாரோ சிலர் தண்ணீரில் இறங்கி, ஒவ்வோர் இனமாகப் பார்த்து எழுதியதால்தான் அவை கிடைத்தன. அப்படி எழுதும் தன்னார்வலர் குழு ஒன்றோடு நானும் சென்று வந்தேன்.

தூத்துக்குடிக் கடலோரத்தில் வளர்ந்து, வேலை நிமித்தமாக இந்தத் தீவில் குடியேறியவன் நான். குழுவை நடத்தியவர் ரோஸ் ஹில் நகரில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. எல்லோருக்கும் அவர் அக்கா. படகோட்டி அண்ணனின் முன்னோர் பல தலைமுறைகளுக்கு முன்பு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர் பேச்சு கிரியோல்தான். தைப்பூசக் காவடிக்குப் பாடும் பாடல்களில் மட்டும் தமிழ் தெளிவாக வரும். நான் தூத்துக்குடிக்காரன் என்று அறிந்ததும், "அப்ப உங்களுக்குக் கடல் பாறையும் தெரியும், நீரோட்டமும் தெரியும், தம்பி" என்று கிரியோலில் சொல்லி என்னைப் படகின் முன்பக்கம் உட்கார வைத்துக்கொண்டார்.

கணக்கெடுப்பின் முறை எளிமையானது. ஆனால் அதில் சலுகைக்கு இடமில்லை. பாறையில் முன்பே அடித்து வைத்த இரண்டு இரும்பு முளைகளுக்கு இடையே ஐம்பது மீட்டர் அளவு நாடாவை இழுத்துக் கட்டுகிறார்கள். அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாக நூறு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் கீழும் நேராக என்ன இருக்கிறதோ அதை மட்டுமே எழுத வேண்டும். உயிருள்ள பவளமா, செத்த பவளமா, பாசியா, மணலா, உடைந்த துண்டுக் குவியலா என்று எது கண்ணில் பட்டாலும் அதுவே பதிவு. நூறு புள்ளிகள் என்பதால் விழுக்காடு கணக்கிடத் தனி வேலை இல்லை. பக்கத்தில் அரை முழம் தள்ளி எவ்வளவு அழகான பவளம் இருந்தாலும் அது கணக்கில் சேராது. அடுத்த ஆண்டு வேறு யாரோ வந்து அதே முளைகளுக்கு இடையே நாடாவைக் கட்டும்போது, இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிய வேண்டும் என்பதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம்.

மீன்களை முதலில் எண்ணிவிட வேண்டும் என்று அக்கா படகிலேயே சொல்லியிருந்தார். மனிதர்கள் கீழே குனிந்து பலகையில் எழுதத் தொடங்கிவிட்டால் கிளி மீன்களும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் விலகிப் போய்விடும். எனவே மீன் எண்ணுபவர் முன்னால் மெதுவாக நீந்திச் செல்ல, நாடாவின் இருபுறமும் இரண்டரை மீட்டர் அகலத்துக்குள் வருவதை மட்டும் அவர் குறித்துக்கொண்டார். பவளம் எழுதுபவர் அவருக்குப் பின்னால் வந்தார். எல்லோருக்கும் கடைசியாக நான், கடல் அட்டை, கடல் முள்ளெலி, பெருஞ்சிப்பி, முட்கிரீட நட்சத்திர மீன் என்று அசையாமலோ மெதுவாகவோ வாழ்பவற்றை இடுக்கு இடுக்காகத் தேடி எண்ணினேன். தண்ணீரில் பென்சில் தாராளமாக எழுதும். கைதான் குளிரில் விறைத்துப்போகும். இங்கே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடல் நீர் 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

இந்த வேலையில் என்னை மிகவும் ஈர்த்தது, செத்த பவளத்தைப் படிக்கும் கலை. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. மான்கொம்புப் பவளத்தின் கிளை ஒன்றை அக்கா விரலால் சுட்டிக் காட்டினார், தொடவில்லை. கிளையின் அடிப்பகுதி வெளுத்திருந்தது, நுனி பழுப்பாக உயிரோடு இருந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள மடிப்பில், சுண்டுவிரல் நகத்தளவு நத்தைகள் நான்கைந்து நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஓட்டின் மேல் இளஞ்சிவப்புப் பாசி படிந்திருந்ததால் முதல் பார்வைக்கு அவை பாறையின் பகுதியாகவே தெரிந்தன. பவளத்தின் சதையைச் சுரண்டித் தின்னும் ட்ருப்பெல்லா நத்தைகள் இவை. சற்றுத் தள்ளி மேசைப் பவளம் ஒன்று தலைகீழாகக் கிடந்தது; அதன் அருகே மணலில் நேர்கோடாக ஓர் உழவுத் தடம். அது நங்கூரத்தின் வேலை. வெப்பத்தால் வெளுத்த பவளமோ உடைந்திருக்காது, சுரண்டப்பட்டிருக்காது. பவளக் கூட்டத்தின் மேற்பரப்பு முழுவதும் வெளிறிப்போயிருக்கும். ஆனாலும் கூர்ந்து பார்த்தால் கண்ணாடி போன்ற சதையும் குட்டி உணர்கொம்புகளும் தெரியும். தனக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசிகளை அது வெளியேற்றிவிட்டதே தவிர, இன்னும் சாகவில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். குளிராவிட்டால் சில வாரங்களில் அதன் மேல் பச்சைப் பாசி படர்ந்துவிடும்.

இப்படிப் பிரித்து எழுதுவதற்குப் பலன் உண்டு. நங்கூரத்தைப் படகு கட்டும் மிதவைகளும் காவலும் தடுக்கும். நத்தைகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம். 2009-இலும் 2016-இலும் இந்தத் தீவின் பவளப்பாறைகளைத் தாக்கிய வெப்பத்தை எந்தப் பூங்கா எல்லையும் தடுக்கவில்லை. எல்லாச் சேதத்தையும் 'பவளம் அழிகிறது' என்ற ஒற்றை வாக்கியத்தில் கட்டிவிட்டால், இன்றே நிறுத்தக்கூடியதையும் நிறுத்தாமல் விட்டுவிடுவோம். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

முன்பே எண்ணி வைப்பதன் அருமையை இந்தக் கரை கண்ணீரோடு கற்றுக்கொண்டது. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல், ப்ளூ பே பூங்காவுக்குச் சற்று வடக்கே புவாந்த் தெஸ்னி அருகில் பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் திணித்து, மக்களே மிதவைத் தடுப்புகள் செய்து கடலில் இறக்கினார்கள். படகோட்டி அண்ணனும் அவர்களில் ஒருவர். எண்ணெயில் பெரும்பகுதியை நீரோட்டம் வடக்கே மாயேபூர் பக்கமாகக் கொண்டுபோனது. அந்த நாட்களில் எல்லோரும் கேட்ட கேள்வி, "என்னென்ன போயிற்று?" என்பதுதான். விபத்துக்கு முன் யாரேனும் எண்ணி வைத்திருந்த இடங்களுக்கு மட்டுமே அதற்கு நேர்மையாக விடை சொல்ல முடியும்.

வடமேற்குக் கரையில் உள்ள பலாக்லாவா கடற்பூங்காவுக்கும் ஒரு நாள் போனோம். 485 ஹெக்டேர், ப்ளூ பே பூங்காவைவிடப் பெரியது. கரையில் விடுதிகள் நெருக்கம். ஆற்று நீர் வந்து சேரும் இடத்துக்கு அருகில் மணலும் பாசியுமே அதிகமாக எழுதினோம்.

ரொட்ரிக்ஸ் தீவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மொரிசியஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். தீவின் நிலப்பரப்பு 108 சதுர கிலோமீட்டர்தான். அதைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடற்காயல் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே கடல் என்பது வேடிக்கை பார்க்கும் இடமன்று. நடந்து போய் உணவு தேடும் நிலம். நீர் வற்றும் நேரத்தில் பெண்கள் நீண்ட இரும்புக் கம்பியோடு பாறைமேல் நடந்து பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) குத்துகிறார்கள். பிடிபடும் கணவாய்கள் சிறுத்துக்கொண்டே வந்ததால், 2012 முதல் ஒவ்வோர் ஆண்டும் சில வாரங்கள் அதைப் பிடிக்கத் தடை விதிக்கிறார்கள். கணவாய் வேகமாக வளரும் உயிர் என்பதால் அந்தக் குறுகிய காலத்துக்குள்ளேயே எடை கூடிவிடுகிறது. தடை நீங்கும் நாளில் கரையெல்லாம் திருவிழாக் கூட்டம்.

அந்தத் தீவின் தென்கிழக்குக் கடல் பாதுகாப்புப் பகுதியில், எல்லைக்கு உள்ளே சில நாடாக்களும் ஒப்பிட்டுப் பார்க்க வெளியே சில நாடாக்களும் என்று அக்கா திட்டமிட்டிருந்தார். கரையில் கணவாய் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் கிரியோலில் கோபமாகவே பேசினார். "மீன்பிடிப்பவர்கள் வராத இடத்தையே எல்லோரும் எண்ணுகிறார்கள். நாங்கள் தினமும் நடக்கும் கடல்தாழைத் (கடற்புல்) திட்டை ஒருவரும் எண்ணியதில்லை. பிறகு மூடும்போது மட்டும் எங்களைக் கேட்காமல் மூடுகிறார்கள்" என்பது அவர் வாதம். அக்கா மறுத்துப் பேசவில்லை. "நீங்களே இடத்தைக் காட்டுங்கள், அம்மா" என்றார்.

மறுநாள் அவர் முன்னால் நடக்க, முழங்கால் ஆழத்தில் நாடாவை விரித்தோம். பவளம் என்று எழுத அங்கே அநேகமாக எதுவும் இல்லை. ஆனால் கடல்தாழையின் இலைகளுக்கு இடையே விரல் நீள ஓராக் குஞ்சுகள் மந்தை மந்தையாக மேய்ந்துகொண்டிருந்தன. எண்ணுபவர் ஒவ்வொன்றாக எண்ணுவதை விட்டுப் பத்துப் பத்தாகக் குறிக்க வேண்டியதாயிற்று. அந்தத் திட்டுக்கும் இரண்டு இரும்பு முளைகளை அடித்துவிட்டு வந்திருக்கிறோம். அந்த மூதாட்டி சொன்ன பெயரிலேயே அது இப்போது எங்கள் பதிவேட்டில் இருக்கிறது.