விரால் குஞ்சைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்

பாகூர் பக்கம் எங்கள் ஊர்க் குளம் ஐப்பசி மழையில் நிறைந்ததும் தூண்டிலோடு போய்விடுவேன். மண்புழு கோத்துப் போட்டால் முதலில் வருவது ஜிலேபி கெண்டைதான்; 1952இல் நம் நாட்டுக்கு வந்த மீன், இன்றைக்கு எந்தக் குட்டையிலும் அதுதான். தக்கை லேசாக நடுங்கும், அப்புறம் சாய்ந்து சறுக்கும், அப்போதுதான் சுண்ட வேண்டும்.

எனக்குப் பிடித்தது விரால். காற்றைக் குடிக்க மேலே வந்து 'களக்' என்று ஒரு சத்தம், அந்த இடத்தில் வட்டம் விரியும். போன வாரம் அல்லி இலை ஓரமாகச் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று, தண்ணீர் கொதிப்பது போல மேலே வந்து வந்து போனது. அடியில் தாயோ தகப்பனோ விரால் காவல் நிற்கும், தவளையைக் காட்டினால் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது சுலபம். ஆனால் அதைத் தூக்கிவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரைதான். தயவுசெய்து விட்டுவிடுங்கள். அன்று குழம்புக்கு நாலு கெண்டையே போதுமாக இருந்தது.