டிசைன் கண்ணைப் பழக்குவது எப்படி: திருப்பூரிலிருந்து சில குறிப்புகள்

டிசைன் படிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளலாம் என்பதைத்தான். சாஃப்ட்வேர் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். கண் அவ்வளவு சீக்கிரம் பழகாது. அதைப் பழக்க நம் கொங்குப் பக்கத்தை விட நல்ல இடம் கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன். நூல், சாயம், தறி, அச்சு எல்லாம் இங்கே பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் செய்கிறவரிடமே போய்க் கேட்டுவிடலாம்.

நான் திருப்பூரில் பனியன் பிரிண்டுக்கு டிசைன் போடுகிறேன். கண்ணில் படுகிற ஒரு பொருளை எடுத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பேன். பதில் தெரிந்த ஆளைத் தேடிப் போவேன். நான் கற்றதில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். "நல்லா இருக்கு" என்று சொல்லி நகர்ந்துவிட்டால் மனதில் ஒன்றும் தங்காது.

உங்கள் வீட்டிலேயே ஒரு கறுப்பு டி-ஷர்ட் இருக்கும். அதில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்த படத்தின் ஓரத்தை வெயிலில் வைத்துக் கூர்ந்து பாருங்கள். சிலவற்றில் சிவப்புக்கோ மஞ்சளுக்கோ வெளியே மயிரிழை அளவுக்கு வெள்ளை எட்டிப் பார்க்கும். கறுப்புத் துணியில் நேரடியாக மஞ்சள் அடித்தால் நிறம் செத்துப்போகும். அதனால் முதலில் வெள்ளை பேஸ் அடித்து, காயவைத்து, அதன்மேல் மற்ற நிறங்களை அடிக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், அதாவது நிறத்தைத் துணியில் இறக்கும் வலைச் சட்டம். ஒரு ஸ்கிரீன் கொஞ்சம் நகர்ந்தாலும் அடியிலுள்ள வெள்ளை வெளியே தெரியும். அதற்காகத்தான் வெள்ளையை மட்டும் மேல் நிறத்தைவிடத் துளி சின்னதாக வெட்டி, ஸ்கிரீன் தயாரிப்பதற்கான ஃபிலிம் எடுக்கிறோம். இதைப் புரிந்துகொண்டவர் பத்து நிறம் வைத்து ஒரு படம் போடுவதற்கு முன் யோசிப்பார். மூன்றே நிறத்தில் முடித்தவருடைய சாமர்த்தியமும் அவருக்குத் தெரியும்.

அடுத்தது எழுத்து. தமிழில் டிசைன் செய்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பேன். 'பேருந்து நிறுத்தம்' என்று இரண்டு வரியாக எழுதிய பலகை ஒன்றைப் பாருங்கள். மேல்வரியில் ருவும் துவும் கீழே இறங்குகின்றன. கீழ்வரியில் நியின் சுழியும் மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் மேலே ஏறுகின்றன. இரண்டுக்கும் நடுவில் இடம் போதாவிட்டால் புள்ளி எந்த எழுத்தைச் சேர்ந்தது என்றே தெரியாது. அடோபியின் இன்டிசைனில் தானாக விழும் வரி இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழுக்குப் பல எழுத்துருக்களில் பத்தாது, கையால் கூட்டித்தான் ஆக வேண்டும்.

போர்டு எழுதும் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "மேல சுழிக்கும் கீழ வாலுக்கும் எடம் உட்டுட்டுத்தானுங்க தம்பி கோடே போடோணும்" என்றார். அவர் சாக்பீஸால் இழுக்கிற இரண்டு கோடு எழுத்தின் உடம்புக்கு மட்டும்தான். மேலும் கீழும் வெற்றிடம் விட்டிருப்பார். பஸ்ஸின் நெற்றியில் 'கோயம்புத்தூர்' என்று முழுதாக எழுதாமல் 'கோவை' என்று ஏன் எழுதுகிறார்கள் என்பதும் அங்கே நின்று பார்த்தபோது விளங்கியது. பெயரின் நீளம் குறையக் குறைய எழுத்தைப் பெரிதாக எழுதலாம். ஓடிவருகிறவர் தூரத்திலேயே படித்துவிடுவார்.

பவானி ஜமக்காளத்தை எடுத்துக்கொண்டால், பட்டை பட்டையாக நிறம் வருவதற்குக் காரணம் தறியிலேயே இருக்கிறது. குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூல், நீளவாக்கில் ஓடும் பாவு நூலை மூடிவிடும். ஊடையின் நிறத்தை மாற்றினால் பட்டை மாறும். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. வீட்டில் விசேஷத்துக்கு விரிக்கும்போது சும்மா உட்கார்ந்துவிடாமல், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நிறம் என்றதும் வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். கடை ட்யூப்லைட்டில் ஒரே நிறமாகத் தெரிந்த சட்டைத் துணியும் நூலும் வாசலுக்கு வந்தால் வேறாகத் தெரியும். ஏற்றுமதிக் கம்பெனிகளில் பலவகை விளக்குகள் உள்ள லைட் பாக்ஸ் என்ற பெட்டி வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65 (D65), கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 (TL84) என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பது இதற்காகத்தான். நீங்கள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தே இதைப் பழகலாம்.

சரி, நுழைவுத் தேர்வுக்கு இதெல்லாம் உதவுமா என்று கேட்பார்கள். டிசைன் பட்டப்படிப்பில் சேர மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் (UCEED) தேர்வில் ஏ பகுதி கணினியில், பி பகுதி கையால் வரைவது. படத்தைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடி, மடித்த தாளை விரித்தால் எப்படி இருக்கும் என்கிற மாதிரிக் கேள்விகளுக்குக் கோச்சிங் புத்தகம் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் ஒரு சந்தையையோ பஸ் ஸ்டாண்டையோ மனதிலிருந்து வரைய வேண்டி வந்தால், மூட்டையைத் தூக்குகிறவருடைய முதுகு எவ்வளவு வளையும், தராசு எந்த உயரத்தில் தொங்கும் என்று ஏற்கெனவே பார்த்து வரைந்திருந்தால்தான் கை ஓடும். அதனால் சின்ன நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பொருளாவது வரைந்து, பக்கத்தில் ஒரு 'ஏன்' எழுதுங்கள். படம் கோணலாக வந்தாலும் அந்த 'ஏன்' முக்கியம்.

பிரிண்டிங் பட்டறைக்குப் போய்க் கேட்க நினைப்பவர்கள் சனிக்கிழமை போகாதீர்கள். அது கூலி நாள், யாருக்கும் பேச நேரம் இருக்காது. அப்புறம், மேஜை மேல் கிடப்பது பையர், அதாவது ஆர்டர் கொடுத்த கம்பெனி, இன்னும் வெளியிடாத சாம்பிளாக இருக்கலாம். செல்போனைப் பையிலேயே வைத்துவிட்டு, நோட்டை மட்டும் எடுங்கள்.